மதியம் தூங்க மறுக்கும் பிள்ளை: வாசகர் கேள்வி பதில்

திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) முடிந்ததிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளை மதியம் தூங்க மாட்டேன் என்கிறது, சாயங்காலம் ஆனால் அழுது தீர்க்கிறது, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வீடு அடங்குவதில்லை. வெயில் காலம், பள்ளி விடுமுறை, மூத்த பிள்ளைகளும் வீட்டிலேயே இருக்கிறார்கள், கரண்டும் நினைத்த நேரத்துக்குப் போகிறது, அதனால் இந்த மாதங்களில் இந்தத் தொல்லை கூடுதலாகவே தெரியும். இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் டாக்டர் இல்லை, பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவள். டாக்டரிடம் காட்ட வேண்டியது எது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. என் மகளுக்கு மூன்று வயசு நாலு மாசம். போன மாசம் வரைக்கும் மதியம் ஒன்றரைக்குப் படுத்தால் மூன்றரை வரை தூங்குவாள். இப்போது ஒரு மணி நேரம் பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுத்தாலும் கண்ணை மூடுவதில்லை. சில நாள் தூங்காமலே இருந்துவிட்டு ஐந்து மணிக்கு உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிடுகிறாள், அப்புறம் ராத்திரி பதினொன்று வரை ஆட்டம்தான். பகலில் தூங்காத பிள்ளை வளராது, உடம்பில் சூடு ஏறும் என்கிறார் மாமியார். வீட்டுக்காரர் கடையை அடைத்துவிட்டு வர எட்டரை ஆகும். மிரட்டியாவது தூங்க வைக்கணுமா, இல்லை விட்டுவிடலாமா? (ஒரு தாய், தம்வே, ரங்கூன்)

பதில்: மிரட்ட வேண்டாம் தங்கச்சி. பயந்துபோன பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடக்கும், தூங்காது. பாய் விரித்தாலே சண்டை என்று அதன் மனசில் பதிந்துவிட்டால் ராத்திரியும் படுக்க வராது, அது இதைவிடப் பெரிய கஷ்டம்.

உங்கள் மகள் இருப்பது சரியாக இது நடக்கிற வயசு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளியான ஒரு தொகுப்பின்படி, 2 வயசுக்கு முன்னால் மதியத் தூக்கத்தை அடியோடு விடுகிற பிள்ளைகள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை, 5 வயசு ஆகும்போது நூற்றுக்கு 94 பேர் விட்டிருப்பார்கள். நடுவில் இருக்கிற அந்த மூன்று வருஷத்தில் எந்தப் பிள்ளை எப்போது விடும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஒரே வீட்டில் அக்கா மூன்று வயசிலும் தம்பி நாலரையிலும் விடுவது சாதாரணமாக நடப்பதுதான், அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம்.

காரணம் என்னவென்றால், விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் தூக்கத்தின் தேவை சேர்ந்துகொண்டே போகிறது. கைக்குழந்தையிடம் அது சின்னச் செம்பு, இரண்டு மணி நேரத்தில் நிறைந்து வழியும். வளர வளரப் பாத்திரம் பெரிதாகி, மூன்று நாலு வயசில் காலையிலிருந்து ராத்திரி வரை ஊற்றினால்தான் நிறைகிறது. மூளை வளர்வதும் இதற்குள் இருக்கிறது. அன்றன்றைக்குக் கற்றதை முதலில் பிடித்து வைத்துக்கொள்கிற ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி முதிர்ந்து வரும்போது மதியத் தூக்கத்தின் அவசியம் குறைகிறது என்று அமெரிக்காவில் ரெபெக்கா ஸ்பென்சர், டிரேசி ரிக்கின்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2022இல் எழுதினார்கள். இதே ஸ்பென்சரின் குழு 2013இல், மதியம் தூங்கிப் பழகிய பிள்ளைகள் தூங்கி எழுந்த நாளில் காலையில் கற்றதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றும் காட்டியிருக்கிறது. அப்படியானால் தூக்கம் வருகிற பிள்ளையை எழுப்பி உட்கார வைப்பதும் தப்பு, வராத பிள்ளையைப் படுக்கப் போட்டு அழுத்துவதும் தப்பு.

இனி உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது. 3 முதல் 5 வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளில், பகலும் இரவும் சேர்த்து, 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016இல் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் 3, 4 வயசுக்குச் சொன்னதும் அதே அளவுதான். போன மாசம் வரை உங்கள் மகள் ராத்திரி 9.30க்குப் படுத்து 6.30க்கு எழுந்திருப்பாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது 9 மணி நேரம். மதியம் 2 மணி நேரம். மொத்தம் 11. மதியத் தூக்கம் போய், படுக்கிற நேரம் மட்டும் அப்படியே இருந்தால் 9 மணி நேரம்தான் கிடைக்கும், ஒவ்வொரு நாளும் 2 மணி நேரம் கடனில் போகிறது, அந்தக் கடனைத்தான் அவள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அழுகையாகவும் அடமாகவும் காட்டுகிறாள். மதியத் தூக்கம் நின்றது பிரச்சினை என்று எனக்கு எழுதுகிற பெரும்பாலான வீடுகளில் நான் பார்ப்பது இதைத்தான்: பிள்ளையின் பகல் மாறிவிட்டது, வீட்டின் ராத்திரி மாறவில்லை. நம் வீடுகளில் ஒன்பது மணிக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டே வைப்பதில்லை. அப்பா வரணும், டிவியில் ஒன்று முடியணும், கரண்ட் வரணும், அதற்குள் பிள்ளை தூக்கத்தைத் தாண்டி வெறி பிடித்த மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் மதியம் தூங்காத நாளில் ராத்திரியை முன்னால் இழுங்கள். 6 மணிக்குக் குளிப்பாட்டி, 6.30க்கு அவளுக்கு மட்டும் சோறு கொடுத்து, 7.30க்குப் படுக்க வைத்துவிடுங்கள். தூங்கிய நாளில் பழைய நேரமே இருக்கட்டும். கஷ்டமான இடம் எது என்று எனக்குத் தெரியும், அப்பா 8.30க்கு வரும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். பல அப்பாக்களுக்கு அது மனசு கேட்காது, கேட்கக் கூடாதும்தான். ஆனால் 7.30க்குத் தூங்கிய பிள்ளை காலை 6 மணிக்கு எழுந்துவிடும், கடை திறக்கும் முன் ஒரு மணி நேரம் அப்பாவுக்கும் மகளுக்கும் கிடைக்கும், அவர் குளிப்பாட்டி விடலாம், முகத்துக்குத் தனக்காச் சாந்து பூசிவிடலாம், காலைச் சாப்பாட்டுக்கு மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) வாங்க இரண்டு பேரும் சேர்ந்து நடந்து போய் வரலாம். களைத்துப் போய் அழுகிற பிள்ளையோடு கழிக்கும் ராத்திரியைவிட அந்தக் காலை நேரம் எவ்வளவோ மேல் என்று அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

மாமியார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை அவரிடம் ஒப்புக்கொண்டே பேச்சை ஆரம்பியுங்கள். தூக்கம் குறைந்தால் வளர்ச்சி பாதிக்கும் என்பது உண்மை. வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில், அதிலும் ராத்திரித் தூக்கத்தின் முற்பகுதியில். அதனால் 7.30க்குத் தூங்கி முழு ராத்திரியும் எழாமல் தூங்குகிற பிள்ளைக்கு வளர்ச்சியில் எந்தக் குறையும் வராது. சூடு ஏறும் என்பதற்கு, ஏப்ரல் மே மாத ரங்கூன் வெயிலில் வெளியே விடாமல், மதியம் நிழலான அறையில் வைத்து, தண்ணீர் அடிக்கடி கொடுத்தால் போதும்.

ஐந்து மணிக்குச் சாய்வதுதான் எல்லாவற்றையும் கெடுப்பது. 4 மணிக்குப் பிறகு அரை மணி நேரம் தூங்கினாலே ராத்திரித் தூக்கம் வெகுவாகத் தள்ளிப் போகலாம். அந்த நேரத்தில் பஸ்ஸிலோ காரிலோ போவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள், ஆட்டத்தில் கண் சொருகிவிடும். 4 முதல் 6 வரை வீட்டுக்குள் உட்கார வைக்காமல் தெருவில், மாடியில், தண்ணீரில் விளையாட விடுங்கள். அதையும் மீறித் தூங்கிவிட்டால் 15, 20 நிமிஷத்தில் எழுப்பிவிடுங்கள், ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விட்ட பிறகு எழுப்பினால் ஒரு மணி நேரம் அழுவாள். அன்றைக்கு மட்டும் படுக்கையை 8.30க்குத் தள்ளிக்கொள்ளலாம்.

தூக்கம் போனாலும் மதிய ஓய்வு போகக் கூடாது. இதை நான் எந்த அம்மாவிடமும் அழுத்திச் சொல்வேன். சாப்பிட்டு முடிந்ததும் அதே நேரம், அதே மூலை, அதே பாய். கொசுவலை கட்டாயம், டெங்குக் கொசு பகலில் கடிப்பது, மழை ஆரம்பித்துவிட்டால் பகல் படுக்கைக்கும் வலை வேண்டும். வலைக்குள் அவளுக்கு நாலு படப் புத்தகம், ஒரு பொம்மை, சிலேட்டு. "தூங்கு" என்று சொல்லாதீர்கள், அந்த வார்த்தையே வேண்டாம். "உடம்புக்கு ஓய்வு, கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கலாம், எழுந்து ஓட மட்டும் கூடாது" என்று சொல்லுங்கள். முதலில் 15 நிமிஷம் போதும், வாரம் போகப் போக முக்கால் மணி நேரம் வரை போகலாம். மணல் கடிகாரம் கிடைத்தால் வையுங்கள், இல்லையென்றால் ஃபோனில் மணி அடிக்க வைத்து ஃபோனைக் கண்ணுக்கு மறைவாக வையுங்கள். ஃபோனில் வீடியோ போட்டுக் கையில் கொடுத்துவிட்டால் அது ஓய்வாக இருக்காது, தூக்கம் வருகிற நாளில்கூட அது கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். கரண்ட் இல்லாத நேரமாக இருந்தால் தரையில் பாய் போட்டு, ஜன்னலுக்கு நேராக, ஈரத்துணியால் கை கால் கழுத்தைத் துடைத்துவிட்டுப் படுக்க வையுங்கள். இப்படிப் படுத்திருக்கும்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள் தானாகத் தூங்கிவிடுவாள். தூங்கட்டும், 3 மணிக்கு எழுப்பிவிடுங்கள்.

ஒரு நாள் தூங்குவது, இரண்டு நாள் தூங்காதது என்ற இந்த இழுபறி சில வாரமும் இருக்கும், சில மாசமும் இருக்கும். முழுசாக விட்டுவிட்டாளா என்பதை அவள் சாயங்காலத்தை வைத்துப் பாருங்கள். தூங்காத நாளிலும் ஆறு மணிக்குச் சிரித்துக்கொண்டு இருக்கிறாள், ராத்திரி படுத்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுகிறாள், காலையில் தானாக எழுகிறாள் என்றால் அவளுக்கு மதியத் தூக்கம் தேவைப்படவில்லை. நாலு மணிக்கே கண்ணைக் கசக்கி, ஒன்றும் இல்லாததற்கெல்லாம் தரையில் புரண்டு அழுகிறாள் என்றால் இன்னும் கொஞ்ச நாள் தேவைப்படுகிறது என்று அர்த்தம்.

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. நர்சரியில் 12.30 முதல் 2.30 வரை எல்லாப் பிள்ளைகளையும் படுக்க வைக்கிறார்கள். அங்கே தூங்கிவிட்டு வருகிறான், ராத்திரி 10.30 வரை விழித்திருக்கிறான், காலையில் எழுப்ப முடிவதில்லை. சயாமாவிடம் (டீச்சரிடம்) சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கமாக இருக்கிறது அக்கா. (இரண்டு பிள்ளைகளின் தாய், திங்கன்ஜுன்)

பதில்: சொல்லுங்கள், தயங்காதீர்கள். நானும் அந்தப் பக்கத்தில் இருப்பவள் என்பதால் ஒன்று சொல்கிறேன், அந்த இரண்டு மணி நேரத்தில்தான் சயாமாக்கள் சாப்பிடுகிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள், மறுநாள் பாடத்துக்கு வேண்டியதை எடுத்து வைக்கிறார்கள். இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் படுத்திருப்பது அவர்களுக்குப் பெரிய உதவி. அதனால் "என் பிள்ளையைத் தூங்க வைக்காதீர்கள்" என்று கேட்டால் கதவு மூடிவிடும். "அரை மணி நேரம் எல்லோரோடும் படுத்திருக்கட்டும், தூங்கவில்லை என்றால் ஒரு மூலையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் படப் புத்தகம் பார்க்க விடுங்கள், நான் வீட்டிலிருந்து புத்தகமும் கலர் பென்சிலும் கொடுத்து அனுப்புகிறேன்" என்று கேளுங்கள். தூங்கிவிட்டால் 1.15க்கு எழுப்பிவிட முடியுமா என்றும் கேட்கலாம். காலை 7.30க்கு அவசரமாக விட்டுவிட்டு ஓடும்போது கேட்காதீர்கள், கூட்டிக்கொண்டு போக வரும்போது கொஞ்சம் முன்னால் வந்து உட்கார்ந்து பேசுங்கள்.

நீங்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பாலர் காப்பகங்களைப் பார்த்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டாயமாகப் படுக்க வைக்கும் இடங்களுக்குப் போகிற பிள்ளைகள், அப்படி இல்லாத இடங்களுக்குப் போகிறவர்களைவிட ராத்திரியில் குறைவாகத் தூங்கினார்கள். உங்கள் வீட்டில் நடப்பதும் அதுதான், அவனிடம் எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை, பகலில் வாங்கிய தூக்கத்தை ராத்திரியில் கழித்துக்கொள்கிறான்.

இன்னொன்று. அடுத்த வருஷம் ஜூனில் கேஜிக்குப் போவான். 2016இல் புதிய பள்ளித் திட்டம் வந்ததிலிருந்து கேஜி 5 வயசில் ஆரம்பிக்கிறது, அங்கே மதியம் பாய் விரிக்கிற வழக்கம் எதிர்பார்க்க முடியாது. இப்போதிருந்தே நேரத்தை மாற்றி வந்தால் அப்போது அழுகை இருக்காது. இந்த ஜூனிலேயே கேஜி போகப் போகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்து, இன்னும் மதியம் இரண்டு மணி நேரம் தூங்குகிறது என்றால், மே மாசத்திலேயே கால் மணி நேரம் கால் மணி நேரமாகக் குறைத்து, ராத்திரிப் படுக்கையையும் அதே அளவு முன்னால் கொண்டு வாருங்கள். பள்ளி திறக்கிற அன்றைக்கு ஒரேயடியாக நிறுத்தினால் முதல் மாசம் முழுக்க வகுப்பில் தலை சாய்ந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: மகனுக்கு 2 வயது 2 மாதம். பத்து நாளாக மதியம் படுக்க மறுக்கிறான். தூக்கத்தை விட்டுவிட்டான் என்று எடுத்துக்கொள்ளலாமா? போன மாதம்தான் தங்கச்சி பிறந்தாள். (ஒரு தகப்பன், மோல்மேன்)

பதில்: எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. இந்த வயசில் நிரந்தரமாக விடுவது மிகவும் அபூர்வம், ஆனால் ஒன்றிரண்டு வாரம் அடம் பிடிப்பது அடிக்கடி நடக்கும். பேச்சு வேகமாக வளர்கிற பருவம், "மாட்டேன்" என்று சொல்லக் கற்றுக்கொண்ட பருவம், அதற்கு மேல் வீட்டில் புதிதாக ஒரு பாப்பா. அம்மாவின் பக்கம் தனக்கு இருந்த இடத்தில் இன்னொருத்தி படுத்திருக்கிறாள், அப்போது அவன் கண்ணை மூடுவானா, எழுந்து பார்த்துக்கொண்டேதான் இருப்பான்.

1 முதல் 2 வயசு வரை 11 முதல் 14 மணி நேரம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு, மூன்று வயசு ஆகாத உங்கள் மகனும் இன்னும் அந்தக் கணக்கில்தான் வருகிறான். மதியத் தூக்கம் இல்லாமல் ராத்திரியில் மட்டும் அவ்வளவையும் அவனால் தூங்க முடியாது. அதனால் இன்னும் ஒரு மாசமாவது தினமும் அதே நேரத்துக்குப் பாயை விரியுங்கள். 12 மணிக்குச் சாப்பாடு, 12.45க்குப் படுக்கை, 2.30க்கு மேல் விடாதீர்கள். காலையில் 8.30 வரை தூங்க விட்டால் மதியம் தூக்கம் எங்கிருந்து வரும், 6.30, 7க்கு எழுப்பிவிடுங்கள். முடிந்தால் மதியப் படுக்கை மட்டும் உங்கள் பொறுப்பாகவோ பாட்டி பொறுப்பாகவோ இருக்கட்டும், பிள்ளை பெற்றவளுக்கும் அந்த நேரம் ஓய்வு வேண்டும். படுத்ததும் ஒரே பாட்டு, ஒரே கதை, தினமும் அதேதான். புதுக் கதை சொன்னால் அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டு விழித்திருப்பான்.

கேள்வி: மகளும் மருமகனும் தாய்லாந்தில் வேலை பார்க்கிறார்கள், மூன்றரை வயசுப் பேத்தியை நான்தான் வளர்க்கிறேன். மதியமும் தூங்குவதில்லை, ராத்திரியும் சீக்கிரம் தூங்குவதில்லை. மருந்துக்கடையில் கேட்டால் ஒரு சளி மருந்து கொடுத்து, அரை ஸ்பூன் கொடுங்கள் நன்றாகத் தூங்கும் என்கிறார்கள். கொடுக்கலாமா? நாலு மணிக்கு என்னோடு டீ குடிப்பாள், மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறாள். (ஒரு பாட்டி, பெகு)

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள் அம்மா. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற அந்த மருந்துகளில் பல, தூக்கம் வரவழைப்பது அவற்றின் பக்கவிளைவு. அவற்றில் ஒன்றான ப்ரோமெத்தசின், 2 வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு மூச்சையே நிறுத்திவிடக் கூடும் என்பதால் கொடுக்கக் கூடாது என்று கடுமையாக எச்சரிக்கப்பட்ட மருந்து, பெரிய பிள்ளைகளுக்கும் டாக்டர் சொன்ன அளவில் மட்டும்தான். சில பிள்ளைகள் அதைக் குடித்துவிட்டுத் தூங்காமல் எதிர்மாறாகத் துள்ளிக்கொண்டும் இருக்கும். உடம்புக்கு ஒன்றும் இல்லாத பிள்ளைக்குத் தூங்குவதற்காக மருந்து வேண்டாம். மருந்துக்கடைக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் அவள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அந்த நாலு மணி டீயை நிறுத்துங்கள். டீக்கடைப் பால் டீ கெட்டியாகப் போடுவது, அதில் இருக்கிற கஃபீன் பெரியவர்கள் உடம்பிலேயே பாதியாகக் குறைய சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், அவளோ பதினைந்து கிலோவுக்குள் இருக்கிற குழந்தை. உங்களோடு உட்கார்ந்து குடிப்பதுதான் அவளுக்கு ஆசை, டீ மேல் இல்லை, அதனால் அதே மாதிரி கப்பில் பால் ஊற்றிக் கொடுங்கள், பன்னைத் தொட்டுச் சாப்பிடட்டும். அப்புறம், அம்மா அப்பாவோடு வீடியோவில் பேசுவது ராத்திரி 9 மணிக்கு என்றால் அதை மாற்ற முடியுமா என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். பேசி முடித்ததும் அழுது ஏங்கிப்போய்த் தூக்கம் வராமல் கிடக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சாயங்காலமோ காலையோ பேசினால் அந்த ஏக்கத்தை விளையாட்டில் ஆற்றிக்கொள்ள அவளுக்கு நேரம் கிடைக்கும்.

கேள்வி: மகனுக்கு ஐந்தரை வயது ஆகிறது, இன்னும் பள்ளியிலிருந்து வந்ததும் இரண்டு மணி நேரம் தூங்குகிறான். ராத்திரியும் ஒன்பது மணி நேரம் தூங்குகிறான். குறட்டை பலமாக விடுவான், தாத்தா மாதிரி என்று சிரிப்போம். இது பரவாயில்லையா? (தட்டோன் வாசகி)

பதில்: தூங்கும் நேரத்தைப் பார்த்தால் கவலை இல்லை, குறட்டையைப் பார்த்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். சளி பிடித்த நாலு நாள் குறட்டை விடுவது வேறு. தினமும் பலமான குறட்டை, வாயால் மூச்சு விடுவது, நடுவில் மூச்சு சில நொடி நின்று திணறித் திரும்புவது, தலை நனைகிற அளவு வேர்வை, இவை இருந்தால் தொண்டையில் டான்சிலோ மூக்குக்குப் பின்னால் அடினாய்டோ வீங்கி வழியை அடைத்திருக்கலாம். அப்படி இருந்தால், ஒன்பது மணி நேரம் படுத்திருந்தும் ராத்திரித் தூக்கம் நிறைவாக இல்லாததால் மதியம் உடம்பு கேட்கலாம். ராத்திரி அவன் தூங்கும்போது ஒரு நிமிஷம் சத்தத்தோடு வீடியோ எடுத்துக்கொண்டு போய் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள், நூறு வார்த்தையில் சொல்வதைவிட அது அவருக்கு உதவும். முகம் வெளுத்திருந்தால், ராத்திரி கால்களை உதைத்துக்கொண்டே இருந்தால், ரத்தத்தில் இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்குப் பிள்ளையின் தூக்கத்தைவிட என் பிழைப்புதான் கவலை. வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். நாலு வயசு மகள் மதியம் தூங்குகிற அந்த இரண்டு மணி நேரத்தில்தான் வெட்டுகிற வேலையை முடிப்பேன். மூன்று மாசமாகத் தூங்குவதில்லை. கத்தரிக்கோலை எடுத்தாலே மடியில் வந்து உட்காருகிறாள். கோபத்தில் கத்திவிட்டு அப்புறம் அழுகிறேன். இதைக் கேட்பதே தப்போ என்று இருக்கிறது. (ஒரு தையல்காரம்மா, மோல்மேன்)

பதில்: கேட்பதில் என்ன தப்பு இருக்கிறது? பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பிள்ளையின் தூக்கம் எத்தனை மணி நேரம் என்று எழுதுவார்கள், அந்தத் தூக்கத்துக்கு நடுவில் அம்மா என்ன வேலை செய்து அந்த வீட்டு அரிசியை வாங்கினாள் என்று எழுதுவதில்லை. உங்களுக்குப் போனது ஒரு நாளைக்கு இரண்டு மணி நேர வேலை, அது கூலியாகவும் போனது. அந்த நஷ்டத்தை நஷ்டம் என்றே சொல்லுங்கள், வீட்டுக்காரரிடமும் அப்படியே கணக்காகச் சொல்லுங்கள், அப்போதுதான் வீட்டில் மற்றவர்கள் அந்த நேரத்தை நிரப்ப முன்வருவார்கள்.

மூன்று மாசம் ஆகிவிட்டது என்றால் அந்தத் தூக்கம் திரும்பி வரப்போவதில்லை, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த வேலையை மூன்று இடத்தில் பிரித்து வையுங்கள். வெட்டுகிற வேலைக்குக் கண்ணும் கத்தரியும் வேண்டும், பிள்ளை பக்கத்தில் இருக்கக் கூடாது, அதை அவள் ராத்திரி 7.30க்குத் தூங்கிய பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் தூங்காத நாலு வயசுப் பிள்ளை அந்த நேரத்துக்குப் பெரும்பாலும் தூங்கிவிடும், முதல் ஒரு வாரம் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அந்த நேரத்தில் கரண்ட் இருக்காது என்றால் சார்ஜ் விளக்கைப் பகலிலேயே ஏற்றி வைத்துவிடுங்கள், வெட்டுவதற்கு அது போதும். ராத்திரியில் கண் வலிக்கிறது என்றால் இதையே விடிகாலைக்கு மாற்றிக்கொள்ளலாம், அப்படியானால் நீங்களும் அவளோடு சீக்கிரம் படுத்துவிட வேண்டும்.

மதியம் கை வேலை மட்டும் வையுங்கள், கொக்கி வைப்பது, ஓரம் அடிப்பது, பட்டன் தைப்பது. முன்னால் தம்வே தங்கச்சிக்குச் சொன்ன மாதிரி ஓய்வுப் பாயை உங்கள் மிஷினுக்குப் பக்கத்திலேயே விரியுங்கள். நாலு வயசுப் பிள்ளைக்குத் தனி அறையில் ஓய்வு எடு என்றால் வராது, அம்மாவைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பது என்றால் வரும். துணித் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, அது மதியம் மட்டும் திறக்கிற டப்பா என்று வையுங்கள். காலையில் கேட்டாலும் கொடுக்காதீர்கள், எப்போதும் கிடைத்தால் மதியத்துக்கு அதில் ஒன்றும் இருக்காது. கலர் பிரிப்பது, பெரிய ஓட்டை உள்ள பட்டன்களை நூலில் கோர்ப்பது, பொம்மைக்குச் சுற்றிக் கட்டுவது, இதில் அரை மணி நேரம் தாராளமாகப் போகும். சின்னப் பட்டனும் ஊசியும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாயில் போட்டுக்கொள்கிற வயசு முழுசாகப் போகவில்லை. ஆரம்பிக்கும் முன் பத்து நிமிஷம் மிஷினை விட்டு எழுந்து அவளோடு மட்டும் உட்காருங்கள், மடியில் வைத்து ஒரு கதை. அந்தப் பத்து நிமிஷம் கிடைத்த பிள்ளை அப்புறம் மடிக்கு ஏறிக்கொண்டே இருக்காது.

மூன்றாவது, தெருவில் இதே வயசுப் பிள்ளை இருக்கிற வேறொரு அம்மாவோடு பேசுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அவர் பிள்ளை உங்கள் வீட்டில், இரண்டு நாள் உங்கள் பிள்ளை அவர் வீட்டில், 2 முதல் 4 வரை. இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளும், உங்கள் வேலை பாதியாகக் குறையும். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குக் கொண்டு வந்து விடுகிற அம்மாக்களில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், அவர்களும் இதே கஷ்டத்தில்தான் இருப்பார்கள், யாராவது முதலில் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

கத்திவிட்ட நாளில், அவள் தூங்கும் முன் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மாவுக்கு வேலை அதிகம், கோபம் வந்துவிட்டது, உன் மேல் பாசம் குறையவில்லை" என்று சொல்லிவிட்டுப் படுக்க வையுங்கள். நாலு வயசுக்கு அது புரியும். பண்டிகைக்கு முந்தின மாசம் ஆர்டர் குவியும்போது இந்த ஏற்பாடு எதுவும் போதாது, அந்த நாட்களுக்கு அம்மா வீட்டிலிருந்தோ அக்கா வீட்டிலிருந்தோ ஒருவரை இப்போதே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வாரத்தில் கேட்டால் அவர்கள் வீட்டிலும் அதே அவசரம்தான் இருக்கும்.